லோவில் போட்டால் நழுவுகிறது, பிரித்துவிடலாமா?

கேள்வி: என் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் லோ கியர் போட்டு மேடு ஏற்றினால் லீவர் தானாகவே நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸை (கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) நானே இறக்கிப் பிரிக்கலாம் என்று இருக்கிறேன். முதலில் எதைக் கழற்ற வேண்டும்?

பதில்: இப்போதைக்கு எதையும் கழற்றாதீர்கள். அடியில் படுத்து, லீவரிலிருந்து வரும் கம்பியை யாரையாவது ஆட்டச் சொல்லிப் பாருங்கள். அதன் மூட்டில் இருக்கும் சின்ன வளையமான புஷ் தேய்ந்திருந்தாலோ கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தாலோ கியர் முழுசாக விழாமல் பாதிப் பல்லில் நிற்கும், பளு ஏறியதும் நழுவிவிடும். சின்ன புஷ்ஷோடு முடிய வேண்டிய வேலைக்குப் பெட்டியையே இறக்கியவர்கள் உண்டு.

அதெல்லாம் சரியாக இருந்தால் ஆயிலை இறக்குங்கள். ஆனால் ஊற்றுகிற பிளக் கழல்கிறதா என்று முதலில் பாருங்கள், அது துருவேறி வராமல் போனால் காலிப் பெட்டியை வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியதுதான் (நான் விழித்திருக்கிறேன்). ஆயிலில் சாம்பல் நிறக் குழம்பாக நைஸ் தூள் இருந்தால் பயமில்லை. விரலில் குத்துகிற சில்லு வந்தால் பிரிக்காமல் தீராது.

பெட்டியிலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் அடையாளக் கோடு போடுங்கள், மாறி மாட்டினால் வண்டி அதிரும். கியர்பாக்ஸுக்குத் தனியாக முட்டுக் கொடுங்கள். பெட்டியை நெஞ்சில் தாங்கி இறக்கும் வீரமெல்லாம் வேண்டாம், ஜாக் வையுங்கள்.

பெட்டியின் இரண்டு பாதியும் பெரும்பாலும் சிலிகான் பேஸ்டில் ஒட்டியிருக்கும். நடுவில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் அலுமினியம் கீறிவிடும், அப்புறம் எத்தனை பேஸ்ட் தடவினாலும் கசியும். நெம்புவதற்கென்றே ஓரத்தில் இடம் விட்டிருப்பார்கள், தேடுங்கள். கியரை நகர்த்தும் கவையான ஷிஃப்ட் ஃபோர்க்கைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் தெறித்துப் போகும், கையை வைத்து மூடியபடி கழற்றுங்கள். உங்கள் பிரச்சனை அநேகமாக அங்கேதான்: ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது ஃபோர்க்கின் பிளாஸ்டிக் பேட் தேய்ந்திருக்கும், அல்லது நகரும் காலரின் பல் முனை மழுங்கியிருக்கும். அதனால் பிரித்துப் பார்த்த பிறகு சாமான் வாங்குங்கள். சர்கிளிப் (பூட்டு வளையம்), ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே துணியில் அடுக்குங்கள், ஒன்றுபோலத் தெரிந்தாலும் கனம் வேறாக இருக்கும். உள்ளே ஆயில் பம்ப் இருக்கிற மாடல் என்றால் உறிஞ்சு குழாயின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) மறக்காதீர்கள். அது சரியாக உட்காராவிட்டால் பம்ப் காற்றை இழுக்கும், பேரிங் எரிந்துவிடும்.

கேள்வி: ஃபோர் வீலில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள்ளே ‘கடக்’ என்று செயின் தாவுகிறது. செயினை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பல் கூர்ந்து போயிருந்தால் போதாது, புதுச் செயினையும் அது தின்றுவிடும். முன்னும் பின்னும் டயர் ஒரே அளவா? காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலைப் பூட்டியே ஓட்டுகிறீர்களா? டயர் அளவு மாறினாலும், காய்ந்த ரோட்டில் பூட்டியே ஓட்டினாலும் செயின்மேல் பளு ஏறும். அதற்குப் பதில் சொல்லிவிட்டுச் செயின் வாங்குங்கள்.