கமெராவழி நெஞ்சறைச் சத்திரசிகிச்சையில் சிக்கல்களைத் தவிர்ப்பது எப்படி?

உங்கள் தந்தையாரின் வலது நுரையீரலின் மேல்மடலில் உள்ள கட்டியைச் சிறு துளைகள் வழியாகக் கமெராவையும் கருவிகளையும் செலுத்தி அகற்றத் தீர்மானித்திருப்பதாகவும், அவருக்கு இளமையில் கசநோய் இருந்ததாகவும், நெடுங்காலம் சுருட்டுப் புகைத்தவர் என்றும் எழுதிச் சிக்கல்களைத் தவிர்க்கும் வழி கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் நெஞ்சறை நோயாளரைப் பராமரித்த தாதி என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் முதன்மையானது அந்தப் பழைய கசநோய். நோய் எப்போதோ மாறிவிட்டாலும், நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிப்போயிருக்கக் கூடும். இரத்தக் குழாய்களைச் சூழ்ந்த நிணநீர்க் கணுக்கள் சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கவும் கூடும். கமெராவழிச் சிகிச்சைக்கு அந்தப் பக்க நுரையீரலைக் காற்றின்றிச் சுருங்க வைக்க வேண்டும். ஒட்டியிருக்கும் நுரையீரல் அப்படிச் சுருங்கி விலகாது என்பதால், கருவியைச் செலுத்தும்போது அது கிழிந்துவிடக் கூடும். ஆகவேதான் வைத்தியர்கள் நரம்பும் இரத்தக் குழாயும் ஓடும் விலா எலும்பின் கீழ்விளிம்பை விலக்கி, அடுத்த விலாவின் மேல்விளிம்பை ஒட்டித் துளையிட்டு, விரலை நுழைத்து உள்ளே இடமிருக்கிறதா என்று தடவிப் பார்த்த பின்பே கருவியைச் செலுத்துவார்கள். ஒட்டுகள் யாவும் சிடி ஸ்கானில் தெரிவதில்லை. ஆதலால் பழைய எக்ஸ்ரே படங்கள், கிளினிக் கொப்பி, என்ன மருந்து எடுத்தார் என்ற விபரம் அனைத்தையும் தேடி எடுத்து வைத்திய நிபுணரிடம் கொடுங்கள்.

துளைவழியாகத் தொடங்கியதை நெஞ்சைத் திறந்து முடிக்க நேர்ந்தால், உறவினர் பலர் அதைத் தோல்வியாகவே எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடியின் சுவர் மெல்லியது. இறுகிய கணுவிலிருந்து அதைப் பிரிக்கும்போது கிழிந்தால், துணிப்பஞ்சால் அழுத்திப் பிடித்தபடி நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும். இரத்தம் பெருகிய பின் பதற்றத்தோடு திறப்பதைவிட, பிரிக்க முடியாது என்று கண்டவுடனேயே நிதானமாகத் திறக்கத் துணிபவரே பாதுகாப்பான வைத்தியர் என்பது என் உறுதியான கருத்து. ‘எந்த நிலையில் திறப்பீர்கள்?’ என்று முன்கூட்டியே கேளுங்கள்; அப்படித் திறப்பதற்கும் சேர்த்தே மனமொத்துக் கையெழுத்திடுங்கள்.

சுருட்டை இன்றே நிறுத்த வேண்டும். குறைந்தது 4 வாரங்களாவது இடைவெளி கிடைத்தால் நல்லது. நாள்தோறும் நடப்பதும் மூச்சுப்பயிற்சி செய்வதும் உதவும். இரத்தம் உறையாதிருக்க எடுக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

சிகிச்சைக்குப் பின் வலியைப் பொறுத்துக்கொள்வது நெஞ்சறை நோயாளருக்குப் பெருமை அல்ல. வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி தேங்கி நியூமோனியா வரும்; எனவே வலி நிவாரணத்தைக் கேட்டுப் பெற்று, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமி, வைத்தியர் அனுமதித்தவுடன் எழுந்து நடக்க வேண்டும். காற்றையும் நீரையும் வெளியேற்ற நெஞ்சில் வைக்கும் குழாயோடு இணைந்த நீர்ப் போத்தல் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும். போத்தலில் குமிழி வந்துகொண்டிருக்கையில் குழாயை எவரும் இறுக்கி அடைக்கக் கூடாது. வெளியேற வழியற்ற காற்று உள்ளே சேர்ந்து இதயத்தையே அழுத்திவிடும். புகைத்தவர்களின் நுரையீரல் நொய்ந்திருப்பதால் காற்றுக் கசிவு 5 நாட்களைக் கடந்தும் நீடிக்கலாம். பெரும்பாலும் அது பொறுமையோடு காத்திருக்கத் தானாகவே மூடிக்கொள்ளும். முதல் சில நாட்களில் நெஞ்சு படபடத்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியிருக்கலாம் என்பதால் உடனே தாதியரிடம் சொல்லுங்கள்.

சென்னையில் சிகிச்சை செய்துகொண்டு பலாலிக்கு விமானத்தில் திரும்ப எண்ணினால், நெஞ்சறையில் காற்று எஞ்சவில்லை என்று எக்ஸ்ரேயில் உறுதிசெய்து, வைத்தியரின் எழுத்துமூல அனுமதி பெற்ற பின்பே பயணச்சீட்டு எடுங்கள். உயரத்தில் அமுக்கம் குறைய, எஞ்சிய காற்று விரிவடையும். வீட்டுக்கு வந்த பின் காய்ச்சல், கூடிவரும் மூச்சுத்திணறல், துளையிலிருந்து சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கம், இருமலில் இரத்தம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.