வளர்த்த காதில் 10 மி.மீ. மரத் தக்கை (துளையில் செருகும் உருளை அணி) போடலாமா? காரைக்குடி வெயிலில் எப்படிப் பராமரிப்பது?

போடலாம், துளை முழுக்க ஆறியிருந்தால். பெரிதாக்கிய கையோடு மரம் கூடாது. அது ஈரத்தை உறிஞ்சும். கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யவும் முடியாது, கீறல் விட்டுவிடும். நீர் கசிவதும் வலியும் நிற்கும்வரை டைட்டானியம் அல்லது கண்ணாடிதான்.

பாம்படம் என்ற கனத்த காதணி போட்ட அப்பத்தாக்கள் ஓலைச்சுருளாலும் குணுக்கு என்ற கன வளையத்தாலும் காது வளர்த்தார்கள். தக்கையின் வேலை வேறு: வளர்ந்த துளையில் உட்காருவது மட்டும்.

வாங்கும்போது நகத்தை விளிம்பில் சுற்றி ஓட்டுங்கள். நகம் சிக்கினால் காதுத் தோலும் சிக்கும். இரு பக்கமும் விரிந்த தக்கை என்றால் விரிப்பு நடுப்பகுதியைவிட 1–2 மி.மீ. கூடுதலாக இருக்கும், இறுக்கமான காதில் திணித்தால் கிழியும். பழைய செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூணில் கடைந்தது என்று ஆசை காட்டினால் வேண்டாம். பழைய வார்னிஷும் பெயின்ட்டும் எவ்வளவு ஊறியிருக்கிறதென்று யார் கண்டது? தேக்கே சிலருக்கு அரிக்கும்.

குளிக்கும்முன் கழற்றிவிடுங்கள். ஈரத்தில் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கி ரேகை வழியே கீறல் விடும். இங்குள்ள வெயிலில் வியர்வையே போதும், நாற்றம் வர. தினமும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 சொட்டு ஹோஹோபா எண்ணெய் தேய்த்து, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடையுங்கள். நல்லெண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். கீறல் விழுந்த தக்கையை ஒட்டவைக்காமல் தூக்கிப் போடுங்கள்.