துபாயில் விமானம் மாறும் அம்மாவுக்கு

வணக்கம். உசிலம்பட்டியிலிருந்து தனியாகப் புறப்படும் உங்கள் அம்மா, சென்னையிலிருந்து எமிரேட்ஸில் துபாய் வழியாக பாஸ்டன் செல்வதற்கு இடையில் இரண்டு மணி நேரம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே டிக்கெட் என்பதால் போதும். பெட்டிகள் நேரே பாஸ்டனுக்குப் போய்விடும், துபாயில் குடியேற்றச் சோதனையும் கிடையாது. பாதுகாப்புச் சோதனை மட்டும் மறுபடியும் உண்டு. ஆனால் மூன்றாம் முனையம் மிகப் பெரியது. ஏ பகுதியில் கேட் அமைந்தால் உள்ளே ஓடும் ரயிலில் ஏறித்தான் போக வேண்டும் என்பதால், அவர் நன்றாக நடப்பவராக இருந்தாலும் சக்கர நாற்காலி உதவியை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். கேட் எண் கடைசி நேரத்தில் மாறக்கூடும். அறிவிப்புத் திரையைப் பார்ப்பதை உதவியாளரே கவனித்துக்கொள்வார்.

எனக்கு உண்மையில் கவலை தருவது கசகசாதான். அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டது. ஆகவே கறிக் குழம்புக்கு அரைத்த மசாலாப் பொடியில்கூட அது கலந்திருக்கக் கூடாது. ஊறுகாயைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் வையுங்கள்.

மதுரை–சென்னை விமானம் தனி டிக்கெட் என்றால், சென்னையில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அதற்குக் குறைந்தது ஐந்து மணி நேரமாவது விடுங்கள்.