மீன்களின் ஹிஸ்டோன் மரபணுக்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: மீன்களில் ஹிஸ்டோன் மரபணுக்கள் எந்த வரிசையில் இருக்கின்றன, சார்?

‘மீன்கள்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. ரெயின்போ டிரவுட் என்று கேளுங்கள், சொல்லலாம். ஹிஸ்டோன் என்பது டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதம்; முக்கிய வகைகள் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபணு வகை. 1984இல் கனடாவின் கால்கரியில் இருந்த கார்டன் டிக்சன் குழு அதன் வரிசையை வெளியிட்டது: எச்4, எச்2பி, எச்1, எச்2ஏ, எச்3. ஐந்தும் சுமார் 10,200 கார இணைகளுக்குள் அடங்கிவிடுகின்றன, ஒரே இழையிலிருந்து படியெடுக்கப்படுகின்றன. இந்தக் கொத்து நூறு தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வருகிறது. கடல் முள்ளெலியிலும் ஒரே இழைதான், ஆனால் வரிசை வேறு. மனிதரில் இப்படி ஒரு ஒழுங்கே கிடையாது. ஆகவே ஒரு மீனின் வரிசையை இன்னொன்றின் மேல் ஏற்றாதீர்கள்.

கேள்வி: ஜீப்ராஃபிஷ் செல்களிலிருந்து ஒலிகோ டிடி (டி எழுத்துகளால் ஆன தொடக்கத் துண்டு) வைத்து சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) செய்தேன். எச்4 வரவே இல்லை.

வராது. ஒலிகோ டிடி பற்றுவது எம்ஆர்என்ஏவின் பாலி ஏ வாலை, அதாவது ஏ எழுத்துகள் தொடரும் முனையை. செல் பிரியும்போது உருவாகும் ஹிஸ்டோன் எம்ஆர்என்ஏவுக்கு அது இல்லை. முனையில் ஒரு கொண்டை ஊசி மடிப்புதான். ரேண்டம் ஹெக்சாமர் (எங்கும் ஒட்டும் ஆறெழுத்துத் துண்டுகள்) போடுங்கள்.

கேள்வி: எனக்கு எச்3 வரவில்லை. நானும் ஒலிகோ டிடிதான்.

மேலே படியுங்கள்.

கேள்வி: முட்டை வேகமாகப் பிரிவதற்காகத்தானே இத்தனை நகல்கள்?

கடல் முள்ளெலிக்குச் சரி. டிரவுட் முட்டை 10 டிகிரி நீரில் பொரிக்கவே ஒரு மாதம் ஆகும். அங்கே என்ன அவசரம்?

அதே நண்பர்: வேகம் இல்லாவிட்டாலும் முட்டை பெரியது. தாய் நிறையச் சேமிக்க வேண்டும் அல்லவா?

கோழி முட்டை அதைவிடப் பெரியது. கோழிக்கு ஹிஸ்டோன் மரபணுக்கள் மொத்தமே சுமார் 40தான். அடுத்தடுத்து இருக்கும் நகல்கள் குறுக்கு மாற்றத்தின்போது (குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது) பிசகி இணைந்தால் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும். தேவை இல்லாமலே எண்ணிக்கை மாறலாம். தேவை என்பது கீழ் வரம்பை மட்டும்தான் வைக்கிறது என்பது என் கட்சி. எண்ணிக்கை என்றதும் ஒன்று: குறுந்துண்டு வாசிப்புகளை இணைத்த ஜீனோமில் நகல்களை எண்ணாதீர்கள். ஒரேமாதிரிக் கொத்துகள் ஒன்றாக நசுங்கிவிடும்.

கேள்வி: இலுமினா (குறுந்துண்டு வாசிப்பு) அசெம்பிளியில் எண்ணினால் மூன்றுதான் வருகிறது?

நசுங்கிவிட்டது.

கேள்வி: சந்தை மீனை எச்3 வைத்து இனம் காணலாமா?

சிஓஐ என்ற மரபணுவை வைத்து இனம் காணும் பார்கோடு ஆட்களிடம் கேளுங்கள்.

கேள்வி: முதிர்ந்த டிரவுட் விந்தணுவில் ஹிஸ்டோன் தேடுகிறேன்.

அங்கே அதன் இடத்தில் புரோட்டமின் என்ற வேறு புரதம் வந்துவிடும். ஜீப்ராஃபிஷுக்கு மாறுங்கள், அது விந்தணுவிலும் ஹிஸ்டோனை வைத்துக்கொள்கிறது.

கேள்வி: கெளுத்தியின் ஹிஸ்டோன் கிருமியைக் கொல்லுமாமே?

எச்2ஏயின் ஒரு துண்டு கொல்லும். பெயர் பாராசின், 19 அமினோ அமிலம். தோலில் காயம் பட்டால் வெட்டப்பட்டு வருகிறது. அது புரதத்தின் வேலை. நகல் எண்ணிக்கையோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள்.