வியாழன் இருக்கும்போது விண்கல்லுக்கு ஏன் பயப்பட வேண்டும்?

வியாழன் தன் ஈர்ப்பால் விண்கற்களைத் தடுத்து நமக்குக் கேடயமாக இருக்கும்போது 2024 ஒய்ஆர்4 மாதிரி விண்கற்களுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதாவது காணொளி பார்த்திருப்பீர்கள். எனக்கு இது கொஞ்சம் வலிக்கிற விஷயம்.

என் மகள் எட்டாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்கு இதைத்தான் எடுத்தாள். 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி 9 வால்நட்சத்திரம் துண்டு துண்டாக வியாழன்மேல் விழுந்த கதையை நான்தான் சொன்னேன். கல்லூரி மொட்டை மாடியில், மழை மேகம் விலகும்வரை காத்திருந்து, தொலைநோக்கியில் அந்தக் கரும்புள்ளிகளைப் பார்த்தவன் நான். ஜி என்ற துண்டு விழுந்த தழும்பு மட்டுமே ஏறக்குறைய பூமி அகலம் இருந்தது.

அவள் அதோடு நிற்கவில்லை. லெக்செல் வால்நட்சத்திரத்தை அவளே தேடிப் பிடித்தாள். 1767-ல் வியாழன்தான் அதைச் சூரியன் பக்கமாக உள்ளே இழுத்துவிட்டது. 1770-ல் அது பூமியிலிருந்து சுமார் 22 லட்சம் கிலோமீட்டரில் கடந்து போனது. 1779-ல் அதே வியாழன் அதை வெளியே வீசியது. வியாழன் காப்பதும் உண்டு, நம் பக்கம் தள்ளிவிடுவதும் உண்டு என்று எழுதியதற்கு, "பிள்ளைகளைக் குழப்பாதே" என்று நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். அவள் எழுதியது சரி. இன்றைக்கும் அதைச் சொல்வேன்.

வியாழனைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். வெகுதூரத்திலிருந்து வரும் வால்நட்சத்திரங்கள் பலவற்றை அது சூரியக் குடும்பத்தை விட்டே துரத்துகிறது, உண்மைதான். ஆனால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலுள்ள சிறுகோள்களில், வியாழன் ஒரு சுற்று முடிப்பதற்குள் மூன்று சுற்று வருகிற இடத்தில் மாட்டியவற்றின் பாதையை அதன் ஈர்ப்பு நீட்டி நீட்டி நம் பக்கம் அனுப்பிவிடும். 2008-ல் ஹார்னர், ஜோன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோதும் கேடயக் கதை அவ்வளவு நேராக வரவில்லை.

2013-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே வெடித்த கல் 20 மீட்டர்தான். பெரும்பாலும் கண்ணாடி உடைந்தே சுமார் 1,500 பேர் காயப்பட்டார்கள். ஒய்ஆர்4 பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரியில் 3.1 சதவீதம் வரை ஏறியது. தொடர்ந்து கண்காணித்துப் பாதையைத் துல்லியமாகக் கணித்த பிறகுதான் பூமிக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தது. 2022-ல் நாசாவின் டார்ட் விண்கலம் வேண்டுமென்றே மோதி, இன்னொரு சிறுகோளைச் சுற்றிவரும் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளின் சுற்றுக்காலத்தை 32 நிமிடம் குறைத்ததே, நான் நம்புவது அந்த மாதிரி வேலையை.