ஏன் மூன்றோடு நிறுத்தினீர்கள்?

கேள்வி: எங்கள் தாத்தாவின் நாடகக் குழு பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் தம்பி ஒரு கட்டுரை எழுதியிருந்தான். ஆதாரம் இல்லாத பத்திகளை விதிப்படி நீக்கினேன். அவன் திரும்பத் திரும்பச் சேர்த்தான். நான் மூன்று முறையோடு நிறுத்திக்கொண்டேன். நாலாவது முறை என் ஆபீஸ் நண்பர் நீக்கினார். தம்பி அதையும் மாற்றினான்; புகார் கொடுத்தேன், அவனுக்கு ஒரு நாள் தடை விழுந்தது. பெரம்பூர் வீட்டுப் பங்கில் ஏற்கெனவே மனஸ்தாபம், இப்போது பேச்சே இல்லை. விதியைப் பின்பற்றியது குற்றமா?
- ஒரு வாசகர், கொளத்தூர்

பதில்: விதியை அப்புறம் பார்ப்போம். மூன்று முறையோடு நிறுத்திக்கொண்டேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஏன் மூன்று?

24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று தடவைக்கு மேல் அடுத்தவர் செய்ததை மாற்றிப் போட்டால் தடை வரும். அது தெரிந்து எண்ணியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கு தீர்ந்ததும் நண்பரைக் கூப்பிட்டீர்கள். தம்பி எண்ணவில்லை. தாத்தா பெயர் அழிகிறதே என்ற பதற்றம் அவனுக்கு. அந்த விதிப் பக்கத்திலேயே, மூன்று முறை மாற்றுவது யாருக்கும் உரிமை அல்ல என்று எழுதியிருக்கிறது. ஆள் சேர்த்துக்கொண்டு வருவதும் அங்கே தப்புதான். சண்டையை நிறுத்தப் போட்ட விதியைத் தம்பிக்குப் பொறியாக வைத்துவிட்டீர்கள்.

அந்தப் பத்திகளுக்கு ஆதாரம் இல்லாமல் இருக்கலாம். சொந்தத் தாத்தாவைப் பற்றிப் பேரன் எழுதுவதை அங்கே விரும்புவதும் இல்லை. சரி. நீங்களும் அதே தாத்தாவின் பேரன்தானே? வீட்டுப் பங்கில் மனஸ்தாபம் வந்த பிறகுதானே இதெல்லாம் கண்ணில் பட்டது? பெரம்பூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேச வேண்டியதை முகம் தெரியாத நிர்வாகியிடம் கொண்டுபோனீர்கள். அண்ணன் செய்கிற வேலையா இது? தம்பி தப்பு செய்தால் தலையில் குட்டுங்கள், அந்த உரிமை உங்களுக்கு உண்டு. ஊரார் முன்னால் மாட்டிவிட உங்களுக்கு உரிமை கிடையாது.

நண்பரை வரச் சொன்னது நான்தான் என்று கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் இன்றைக்கே எழுதுங்கள். அப்புறம் தம்பிக்குப் போன் செய்யுங்கள், வாட்ஸ்அப் வேண்டாம். எழும்பூர் கன்னிமாராவிலும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன. தாத்தாவின் குழுவைப் பற்றி ஒரு விமர்சனமாவது கிடைக்கிறதா என்று இரண்டு பேரும் சேர்ந்து தேடுங்கள். கிடைத்தால் பத்தி நிற்கும். கிடைக்காவிட்டால் நீங்கள் கை வைக்காதீர்கள், அவனே எடுக்கட்டும்.