மஞ்சள் கறை சிவந்தது ஏன்?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஏழு ஆண்டுகளாகக் கம்பளம், சோபா கழுவிக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். நானும் ஓர் உதவியாளரும் ஒரு வேனும்தான். தீபாவளி முடிந்த வாரம் பக்கத்துத் தாமானிலிருந்து (குடியிருப்புப் பகுதியிலிருந்து) ஓர் அம்மா அழைத்தார். வெளிர்நிறச் செயற்கை இழைக் கம்பளம். கோழிக்கறி கொட்டி ஐந்து நாள் ஆகியிருந்தது. தொலைபேசியிலேயே “கவலை வேண்டாம், போய்விடும்” என்று சொல்லிவிட்டேன். வழக்கமான மருந்தை அடித்ததும் மஞ்சள் கறை செம்பழுப்பாகிவிட்டது. ஓரத்தில் இருந்த தேநீர்க் கறை போனது. மறுநாள் காலையில் திரும்பவும் வந்துவிட்டது. பேசிய 150 வெள்ளியை (ரிங்கிட்) தர மறுத்துவிட்டார். நான் கம்பளத்தைக் கெடுத்துவிட்டதாகத் தாமான் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எழுதியிருக்கிறார். நான் ஏமாற்றுக்காரன் இல்லை. குழுவில் விளக்கம் எழுதுவதா, பணத்தை விட்டுவிடுவதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, குழுவில் எதுவும் எழுதாதீர்கள். நூறு பேர் பார்க்க ஒருவரைப் பொய்யர் ஆக்கினால், பிறகு அவர் இறங்கி வரவே முடியாது. நேரில் போங்கள். போவதற்கு முன் அந்தக் கறை ஏன் சிவந்தது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். அந்த அம்மாவிடம் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

நம் வீட்டில் ஆரத்தி கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் தண்ணீரில் சிறிது சுண்ணாம்பைக் குழைத்ததும் தட்டு முழுக்கச் சிவந்துவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சாயத்தின் குணம் அது. சுண்ணாம்பு போன்ற காரத்தன்மை உள்ள பொருள் பட்டால் சிவக்கும். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க நீங்கள் முதலில் அடிக்கும் மருந்து பெரும்பாலும் காரத்தன்மை உடையதுதான். அந்த வீட்டு நடுக்கூடத்தில் நீங்கள் தெரியாமல் ஆரத்தி கரைத்துவிட்டீர்கள். கம்பளம் கெட்டுவிடவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு உங்கள் கையால் வந்தது. அவர் கோபத்தில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

இதற்கு மாற்று உண்டு. புளிப்புப் பட்டால் சிவப்பு மறுபடி மஞ்சளாகும். வெள்ளை வினிகரைத் தண்ணீரில் நன்றாகக் கலந்து, முதலில் சோபாவுக்கு அடியில் மறைந்திருக்கும் ஓரத்தில் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். கம்பளத்தின் சாயம் துணியில் இறங்கவில்லை என்றால் கறைக்குப் போகலாம். தேய்க்காதீர்கள், வெளியிலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள். குர்குமின் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். ஆகவே கறி எண்ணெய் மிச்சமிருந்தால், காரமில்லாத பாத்திரம் கழுவும் திரவத்தைத் துளி விட்டு அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

அப்படியும் இளமஞ்சள் தங்கும். அதற்கு நம் ஊர் வெயிலை விட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. மஞ்சள் பட்ட வெள்ளைச் சட்டையைக் கொடியில் போட்டு வெளுக்கவைக்கும் அம்மாக்களுக்கு இது தெரியும். ஒளி பட்டால் குர்குமின் சிதைந்து நிறம் இழக்கும். கறை பட்ட பகுதி மட்டும் வெயிலில் படும்படி கம்பளத்தை வாசல் திண்ணையில் விரித்து, மற்றப் பகுதியைத் துணியால் மூடிவிடுங்கள். கம்பளிக் கம்பளமாக இருந்திருந்தால் இவ்வளவு துணிவாகச் சொல்லமாட்டேன். கம்பளியின் சாயமும் வெயிலில் வெளுக்கும். கடுங்காரமும் குளோரினும் அந்த இழையையே அரித்துவிடும்.

தேநீர்க் கறை திரும்பி வந்ததற்குக் காரணம் வேறு. நீங்கள் மேலிழையைத்தான் கழுவினீர்கள். அடித்துணியில் ஊறியிருந்த தேநீர் அங்கேயே இருந்தது. மேல்பகுதி காயக் காய, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல இழைகள் அந்த ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டன. காற்றிலேயே ஈரம் நிற்கும் நம் ஊரில் கம்பளம் மெதுவாகத்தான் காயும். கறை ஏறிவர இரவு முழுதும் அவகாசம் கிடைத்துவிடுகிறது. தண்ணீரைக் குறைவாக விட்டு, இயந்திரத்தால் கூடுதலாக உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தில் தடித்த வெள்ளைத் துண்டை மடித்து வைத்து அதன்மேல் கனம் ஏற்றுங்கள். ஏறிவரும் கறை துண்டில் போய்த் தங்கட்டும். மின்விசிறியையும் அணைக்க வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். சவர்க்காரத்தைச் சரியாக அலசாமல் விட்டாலும் அதே இடம் மறுபடி அழுக்குப் பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

கறையைப் பற்றிச் சொன்னேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தச் சிவப்பு அன்று. “போய்விடும்” என்ற ஒரு சொல். கண்ணால் பார்க்காத கறைக்குத் தொலைபேசியில் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். அந்த அம்மா 150 வெள்ளிக்கு வாங்கியது உங்கள் உழைப்பை அன்று, அந்த வாக்கை. அது பொய்த்துப்போனதும் உங்கள் உழைப்பு முழுவதும் அவர் கண்ணில் படாமல் போய்விட்டது.

என் தந்தை தோட்டத்துப் பட்டணம் ஒன்றில் டோபிக்கடை வைத்திருந்தார். பால்மரம் வெட்டுகிறவர்களின் சட்டைகள் மூட்டை மூட்டையாக வரும். முன்கையிலும் வயிற்றுப் பக்கத்திலும் ரப்பர் பால் காய்ந்து, கருத்து, தோல்போல ஒட்டியிருக்கும். அவர் சட்டையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கட்டைவிரலால் அந்த இடத்தை இரண்டு முறை நிமிண்டிப் பார்ப்பார். பிறகு ஊசியில் கறுப்பு நூல் கோத்து, கறையைச் சுற்றி நான்கு தையல் போடுவார். “இதற்குள் இருப்பது போகாது. மற்ற அழுக்கு போகும். சம்மதமா?” என்று கேட்பார். சம்மதம் என்றால்தான் சட்டை தொட்டிக்குள் போகும். சிலர் சட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனதும் உண்டு. அந்த வருமானம் போனதற்கு அவர் வருந்தி நான் பார்த்ததில்லை. வெளுத்து வாங்கிப் போனவர் யாரும் அந்த நூலுக்குள் இருந்ததைக் காட்டிச் சண்டை போட்டதும் இல்லை.

உங்கள் நூல், ஒரு துண்டுத் தாளாக இருக்கட்டும். தண்ணீர் படுவதற்கு முன் கம்பளத்தைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கறையையும் வீட்டாரோடு சேர்ந்து பார்த்து, போகும், மங்கும், போகாது என்று எழுதிப் படம் எடுத்துவிடுங்கள். தமிழிலும் மலாயிலும் எழுதினால் போதும். என்ன கொட்டியது, எத்தனை நாளாயிற்று என்பதோடு, வீட்டில் ஏற்கெனவே எதைப் போட்டுத் தேய்த்தார்கள் என்றும் கேளுங்கள். வெட்கப்பட்டு மறைப்பார்கள், கடிந்துகொள்ளாமல் கேட்டால் சொல்வார்கள். குளோரின் பட்டு வெளுத்த இடத்தில் கறையே இல்லை, சாயம்தான் போயிருக்கிறது. அதை எந்த இயந்திரமும் கழுவித் திருப்பித் தராது. செம்மண் கறை துருவின் இனம், அதற்கும் குளோரின் உதவாது. இவற்றை முன்னால் சொன்னால் அறிவுரை. கழுவி முடித்த பிறகு சொன்னால் சாக்குப்போக்காகத்தான் காதில் விழும்.

பணத்துக்கு வருகிறேன். சிவந்த கறைக்காகப் போகும் இரண்டாவது வருகைக்குக் காசு கேட்காதீர்கள். மற்றப் பகுதியைக் கழுவிய கூலி உங்களுக்கு உரியது. ஆனால் அதை இன்று கேட்காமல், வேலை முடிந்த பிறகு, அவரையே நியாயமான தொகையைச் சொல்லச் சொல்லுங்கள். 1999 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை செய்கிறவர் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. அவர் 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போனால், நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள், எப்படி வேலை செய்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். அங்கே காட்ட உங்களிடம் இப்போது ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. அவ்வளவு தூரம் போகாது என்றே நம்புகிறேன்.

வீட்டுக்குப் போனதும், “அம்மா, மஞ்சள் சிவந்தது என் மருந்தால். அதைச் சரிசெய்ய வந்திருக்கிறேன். முழுவதும் போகுமா என்று இப்போது சொல்ல முடியாது” என்று தொடங்குங்கள். அவர் நான்கு வார்த்தை கடுமையாகப் பேசினால் பேசட்டும், குறுக்கிடாதீர்கள். அந்தக் கம்பளம் அவருக்கு யார் வாங்கிக் கொடுத்தது என்றும் கேட்டுப் பாருங்கள். காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். பிற்பகல் மழைக்கு முன் அது வெயிலில் கிடக்க வேண்டும்.